பூ உதிர்ந்த பிறகு ஆர்க்கிட்

தொட்டியில் வளரும் ஆர்க்கிட்டுகளில் ஃபெலனோப்சிஸ் ஒருமுறை பூத்தால் இரண்டு, மூன்று மாதம் பூவைத் தாங்கி நிற்கும். டென்ட்ரோபியத்தின் கொத்தும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் நிற்கும். அதன்பின் தண்டின் அடிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பூவாகச் சுருங்கி விழ, வெறும் குச்சியும் நாலைந்து தடித்த இலைகளும் மிஞ்சும். தொட்டி ஆர்க்கிட்டுக்கு ஆபத்தான கட்டம் இதுதான். செடியின் வேலை முடிந்துவிட்டது என்று சிலர் தூக்கி எறிகிறார்கள். செடி சோர்ந்துவிட்டது என்று இரக்கப்பட்டுச் சிலர் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பத்து நாளில் வேர் அழுகிவிடுகிறது. பூ உதிர்ந்த நாள் முதல் அடுத்த பூந்தண்டு எட்டிப்பார்க்கும் வரை உள்ள மாதங்களில்தான் ஆர்க்கிட் புது வேரும் புது இலையும் விட்டு வளர்கிறது. அப்போது அதற்கு வேண்டியவை அளவான தண்ணீர், நிழல் கலந்த வெளிச்சம், காற்றோட்டம், கொஞ்சம் சத்து. இவற்றில் தண்ணீர் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது.

விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று மதுரைக்கு வடமேற்கே வைகையை ஒட்டி நீளும் சமவெளியில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்ந்துவிடும். ஃபெலனோப்சிஸின் தாயகம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற தென்கிழக்காசிய மழைக்காடுகள். அங்கே அது மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு, ஆண்டு முழுவதும் ஈரக்காற்றில் வளர்கிறது. மதுரைப் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 850 மி.மீ. அளவுதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று காயப்போட்ட துணியைச் சில நிமிடங்களில் உலர்த்திவிடும். செடியோடு வரும் அட்டையில் ‘வாரம் ஒருமுறை தண்ணீர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் வாரத்துக்கு மூன்று பனிக்கட்டி வைத்தால் போதும் என்று சொல்லியே இந்தச் செடியை விற்கிறார்கள். குளிர்ந்த அறைக்குள் வைக்கும் செடிக்கு அது சரிப்படலாம். அதே செடி பரவையில் ஒரு மாடி வராந்தாவில் மே மாதம் நின்றால் அந்தக் கணக்கு எதுவும் உதவாது. கார்த்திகை அடைமழையிலோ வாரம் ஒருமுறை என்பதே அதிகமாகிவிடும்.

பூ முடிந்ததும் கவனிக்க வேண்டியது பூந்தண்டு. ஃபெலனோப்சிஸில் தண்டு பழுப்பேறிக் காய்ந்திருந்தால் அடிவரை வெட்டிவிடலாம். பச்சையாக இருந்தால் அடியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து பக்கக் கிளை வந்து மீண்டும் பூக்கும் என்பது பரவலான ஆலோசனை. குளிர்ந்த ஊர்களில் அது பலிக்கும். மதுரை வெப்பத்தில் அந்தக் கணுவிலிருந்து பூவுக்குப் பதில் குட்டிச் செடி கிளம்புவதே அதிகம்; பூத்தாலும் நாலைந்து சிறு பூக்களோடு நின்றுவிடும். இலை மூன்றே உள்ள செடி, வேர் மெலிந்த செடி, கோடையில் பூத்து முடித்த செடி ஆகியவற்றில் தண்டைப் பச்சையாக இருக்கும்போதே அடியோடு எடுத்துவிடுவது நல்லது. பூவுக்குப் போகும் சத்து வேருக்குத் திரும்பும். குட்டிச் செடி வந்துவிட்டால் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. அதற்கென்று இரண்டு மூன்று வேர் விட்டு, ஒவ்வொன்றும் 5 செ.மீ. நீளமாவது வளர்ந்த பிறகு தண்டோடு சேர்த்து நறுக்கித் தனித்தொட்டியில் வைக்கலாம்.

டென்ட்ரோபியத்தின் கதை வேறு. அதில் கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் சதைப்பற்றான தண்டு ஒன்று, அதன் உச்சியிலிருந்து கிளம்பும் மெல்லிய பூந்தண்டு மற்றொன்று. வெட்ட வேண்டியது மெல்லியதை மட்டும். இலை முழுக்க உதிர்ந்து, வரி விழுந்து, காய்ந்ததுபோல் தெரியும் பழைய தண்டையும் விட்டுவைக்க வேண்டும். தண்ணீரையும் மாவுச்சத்தையும் சேமித்து வைத்திருக்கும் கிடங்கு அது; அடுத்து வரும் இளந்தளிர் அதிலிருந்துதான் தின்று வளரும். சில பழைய தண்டுகள் அடுத்த ஆண்டும் உச்சியில் பூக்கும். அழுத்தினால் சக்கையாக நசுங்கும் தண்டை மட்டும் நீக்கலாம். கத்தரியின் வாயை ஒவ்வொரு செடிக்கும் முன்பு நெருப்பில் காட்டி எடுக்க வேண்டும். ஆர்க்கிட்டில் வைரஸ் நோய்கள் பரவுவதே பெரும்பாலும் வெட்டும் கருவி வழியாகத்தான்; அந்த நோய்களுக்கு மருந்தும் கிடையாது.

தண்ணீர்க் கணக்கு புரிய வேண்டுமானால் வேரைப் பார்க்க வேண்டும். ஆர்க்கிட் வேரின் மேல் வெலமென் என்ற வெண்ணிறப் பஞ்சுத்தோல் ஒன்று போர்த்தியிருக்கும். உயிரற்ற, உள்ளே வெற்றிடமான செல்கள் பல அடுக்காகச் சேர்ந்த தோல் அது. காய்ந்திருக்கும்போது அந்த வெற்றிடங்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளிச் சாம்பல் நிறமாகத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும். கண்ணெதிரே அந்த இடம் பச்சையாக மாறும். தண்ணீர் வெற்றிடங்களை நிரப்பித் தோலைக் கண்ணாடியாக்க, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. காட்டில் மழை பெய்யும் சில நிமிடங்களில் கிடைத்ததை உறிஞ்சிக்கொண்டு, மழை விட்டதும் காற்றில் உலர்ந்துவிடும்படி அமைந்த வேர் இது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஓயாமல் நனைந்தே இருந்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைகின்றன.

மதுரையில் தோட்ட வேலை பழகிய கை பெரும்பாலும் மல்லிகையில் பழகிய கை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகைக்கு மண் வேண்டும், எரு வேண்டும், பாத்தி நிறையத் தண்ணீர் வேண்டும், கார்த்திகை மார்கழியில் ஒட்ட வெட்டிவிட வேண்டும். அந்த அனுபவம் ஒன்றையும் ஆர்க்கிட்டிடம் கொண்டுபோகக் கூடாது. தொட்டியில் செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டு நட்ட ஆர்க்கிட் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாது.

எப்போது தண்ணீர் விடுவது என்பதற்கு நாள்காட்டி பார்க்காமல் தொட்டியைப் பார்ப்பதே சரி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் வரும் ஃபெலனோப்சிஸில் இது எளிது. பக்கச் சுவரில் ஒட்டிய வேர் பச்சையாக இருந்தால் விட வேண்டாம்; வெள்ளியாக வெளுத்து, உட்புறத்தில் நீர்த்துளியும் இல்லையென்றால் விடலாம். மண்தொட்டியானால் விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, கழுவி, கலவைக்குள் நடுப்பகுதி வரை செருகி ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். ஈர்க்கில் ஈரம் தெரிந்தால் இன்னொரு நாள் பொறுக்கலாம். பழகிய பிறகு தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் கனமே சொல்லிவிடும். டென்ட்ரோபியத்தில் தண்டின் மேல் புதிதாக விழும் சுருக்கமும் தாகத்தின் அடையாளம்.

விடும்போது நிறைய விட வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரை மேலாகத் தெளித்தால் மேல்வேர் மட்டும் நனையும்; நடுவேர் காய்ந்தே கிடக்கும். அடித்துளை வழியாகத் தாராளமாக ஓடி வெளியேறும் வரை ஊற்ற வேண்டும். கோடையில், தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுப்பது இன்னும் நல்லது. ஒரே வாளியில் பல தொட்டிகளை அமிழ்த்தினால் ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றும்; ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும். வடிந்த பிறகுதான் இடத்தில் வைக்க வேண்டும். கீழே வைக்கும் தட்டிலோ அழகுக்காக வைக்கும் பீங்கான் தொட்டிக்குள்ளோ தண்ணீர் தேங்கக் கூடாது. பரிசாக வரும் ஆர்க்கிட்டுகளில் பல இந்தப் பீங்கான் தொட்டிக்குள்ளேயே அழுகுகின்றன. மேலே பார்த்தால் தெரியாது, கீழே ஒரு விரற்கடை தண்ணீர் வாரக்கணக்கில் நின்றிருக்கும்.

தண்ணீர் விடும் நேரம் காலை. வெயில் ஏறுமுன் விட்டால் இலைகளின் இடுக்கில் நின்ற நீர் மாலைக்குள் காய்ந்துவிடும். ஃபெலனோப்சிஸின் இலைகள் கிண்ணம்போல் ஒன்றுக்குள் ஒன்று சேரும் நடுக்குருத்தில் இரவு முழுக்கத் தண்ணீர் நின்றால் குருத்து அழுகும். அந்தச் செடிக்கு ஒரே குருத்துதான். அது அழுகினால் மேல்நோக்கிய வளர்ச்சி அதோடு முடிந்தது. ஆகவே நீர் தேங்கியது தெரிந்தால் பழைய பருத்தித் துணியின் நுனியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கரியும் ஓடும் நிரப்பிய மண்தொட்டியில், நிழல்வலைக்குக் கீழே நிற்கும் செடிக்குத் தோராயமாக ஒரு கணக்கு சொல்லலாம். பங்குனி முதல் வைகாசி வரை டென்ட்ரோபியத்துக்குத் தினமும் காலையில் ஒருமுறை. ஃபெலனோப்சிஸுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஆனி, ஆடியில் வானம் மூடியிருப்பதைப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்துவிடுவது பலர் செய்யும் பிழை. வெயில் குறைந்தாலும் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கோடைக்கணக்கையே தொடர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒன்றிரண்டு முறை போதும்; அடைமழை நாட்களில் அதுவும் வேண்டாம். தையில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. நாற்றங்காலிலிருந்து ஸ்பாக்னம் பாசியில் வைத்து வரும் செடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பாசி தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். அதன் மேற்பரப்பு மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்போதும் நடுவே ஈரம் நிற்கும்.

எந்தத் தண்ணீர் என்பது மதுரைக்காரர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைப்போலவே முக்கியம். பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. மல்லிகையும் முருங்கையும் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆர்க்கிட் தாங்காது. மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூக்கும் உப்பும், வேரின் பச்சை நுனி கறுத்துப்போவதும், இலை நுனி காய்வதும் இதன் அடையாளங்கள். வீட்டுச் சுத்திகரிப்பான் மாட்ட வருபவர்கள் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 200க்குள் காட்டும் தண்ணீர் ஆர்க்கிட்டுக்கு நல்லது. 500ஐத் தாண்டிய தண்ணீரைத் தொடர்ந்து விடக் கூடாது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீரைவிட மேலானது. குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் சிறந்தது. ஐப்பசி மழையில் முதல் இரண்டு மழையின் தூசி போனபின், மொட்டை மாடிக் குழாயிலிருந்து மூடியுள்ள டிரம்மில் பிடித்துவைத்தால் சில தொட்டிகளுக்குத் தை வரை வரும். மூடி இல்லாவிட்டால் கொசு பெருகும். ஆர்.ஓ. சுத்திகரிப்பானில் குடிக்க வரும் தண்ணீரைத் தாராளமாக விடலாம். கழிவுக்குழாயில் வெளியேறும் நீரை மட்டும் விடவே கூடாது. வீணாகப் போகிறதே என்று அதைச் செடிக்குத் திருப்பிவிடும் வீடுகள் பல உண்டு. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் செறிந்திருக்கிறது.

போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் மாதம் ஒருமுறையாவது மழைத்தண்ணீராலோ குடிதண்ணீராலோ தொட்டியை இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். படிந்த உப்பு கரைந்து அடித்துளை வழியாகப் போய்விடும்.

பூ முடிந்த பிறகு தொட்டி மாற்றுவது எல்லாச் செடிக்கும் கட்டாயமில்லை. கலவை மக்கிப் பொடியாகியிருந்தாலோ, வேர் தொட்டியை விட்டு வெளியே வழிந்திருந்தாலோ, செடி ஆடினாலோ மாற்ற வேண்டும். புது வேரின் பச்சை நுனி அடியில் தலைகாட்டும் சமயமே தோதானது. டென்ட்ரோபியத்தில் இளந்தளிர் விரலளவு வளர்ந்து, அதன் அடியில் வேர் முளைக்கும்போது மாற்றலாம். கத்திரி வெயிலில் கைவைக்கக் கூடாது.

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்ததும் வேரை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். நிறம் மஞ்சளாக இருந்தாலும் அதை விட்டுவைக்கலாம். பழுப்பேறி, அழுத்தினால் தண்ணீர் கசிந்து, மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். அதை வெட்டிவிட்டு, வெட்டிய முனையில் மட்டும் சமையலுக்கான இலவங்கப் பட்டைத்தூள் தொட்டுவைக்கலாம். பட்டைத்தூளை நல்ல வேர்மேல் தூவினால் அது வேரைக் காய வைத்துவிடும். புதிதாக நட்டபின் இரண்டு மூன்று நாள் தண்ணீர் விடாமல் நிழலில் வைத்தால் காயம் ஆறிவிடும்.

கலவைக்கு வேண்டியதெல்லாம் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுச் சுடும் அடுப்புக்கரி ஆர்க்கிட்டுக்கு அருமையான ஊடகம்: எளிதில் மக்காது, இடையில் காற்று ஓடும், ஈரத்தைக் கொஞ்சமாகப் பிடித்துவைக்கும். பெருவிரல் கனத்துக்கு உடைத்து, தூளைச் சலித்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும். அதோடு உடைந்த நாட்டு ஓட்டுச் சில்லு, செங்கல் துண்டு. தேங்காய் மட்டையைச் சிறு கட்டங்களாக நறுக்கி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, சாயமும் உப்பும் போனபின் கால்பங்கு சேர்த்தால் கோடையில் ஈரம் நிற்கும். ஆனால் அது இரண்டு ஆண்டில் மக்கிவிடும். கரியும் உப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தொட்டி சிறிதாக, பக்கங்களிலும் துளையுள்ளதாக இருக்கட்டும். செடி பெரிதாகட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால் நடுப்பகுதி காயவே காயாது.

வைக்கும் இடம் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த வராந்தா. காலை வெயில் எட்டு, ஒன்பது மணி வரை சாய்வாக விழலாம். மேற்குச் சுவரும், மொட்டை மாடியின் வெறும் தளமும் ஆகாது. பகலில் குடித்த சூட்டை அவை இரவெல்லாம் வெளியே விடும். மாடியில்தான் வைக்க வேண்டுமென்றால் டென்ட்ரோபியத்துக்குப் பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை, ஃபெலனோப்சிஸுக்கு 75 சதவீத வலை. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் கம்பிச் சட்டத்தில் வைத்தால் அடியிலும் காற்று ஓடும். வெளிச்சம் சரியா என்பதை இலையே காட்டும். கரும்பச்சையாகத் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. அப்படி வளரும் செடி பார்க்க அழகாக இருக்கும், பூக்காது. இளம்பச்சை சரியான நிறம். வெளுத்தோ சிவந்தோ போனால் வெயில் அதிகம். உச்சிவேளையில் இலையைத் தொட்டால் சுடக் கூடாது.

காற்றின் ஈரத்தை உயர்த்தச் செலவில்லாத வழி, செடிகளைச் சேர்த்து வைப்பதும் அடியில் கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பதும். தண்ணீரின் மட்டம் கல்லுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்; தொட்டி நீரைத் தொடக் கூடாது. கோடை மாலைகளில் தரையையும் சுவரையும் நனைத்துவிட்டால் இரவில் செடி தெளிவடையும். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபெலனோப்சிஸும் இங்கே பேசும் வகை டென்ட்ரோபியமும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமிலவாயுவை எடுப்பவை. அனல் அடங்காத, வறண்ட இரவு அவற்றின் உணவு தயாரிப்பையே பாதிக்கும். ஆடிக்காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் போதும்.

ஐப்பசியில் மழை இறங்கியதும் செடிகளைக் கூரைக்கு அடியில் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் மழை நன்மையே செய்யும். மூன்று நாள் தொடர்ந்து நனைந்தால் இலையில் வெந்ததுபோல நீர்கோத்த கறை தோன்றும். பாக்டீரியாவால் வரும் அந்த அழுகல் ஒரே இரவில் இலை முழுக்கப் பரவும். பார்த்த உடனே கறையைத் தாண்டி நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டிவிட்டு, சில நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும். மழை நாட்களில் நத்தையும் ஓடில்லா நத்தையும் இரவில் வந்து வேரின் பச்சை நுனியைத் தின்னும். டார்ச் அடித்துப் பொறுக்கி எடுப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

சத்து விஷயத்தில் சிக்கனமே நல்லது. உரக்கடையில் தண்ணீரில் கரையும் 19:19:19 கிடைக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை, வேரைப் பச்சைத் தண்ணீரில் நனைத்த பிறகு விடலாம். காய்ந்த வேரில் உரம் பட்டால் கருகும். நாலாவது வாரம் உரம் இல்லாமல் தண்ணீரால் மட்டும் அலச வேண்டும். யூரியா வேண்டாம்; அதை உடைத்துக் கொடுக்கும் மண் நுண்ணுயிர்கள் கரித்தொட்டியில் போதுமான அளவு இருக்காது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் பழகியவர்கள் நன்றாக வடிகட்டி, காய்கறிச் செடிக்கு விடுவதைவிடப் பாதிக்கும் குறைவாகக் கலந்து விடலாம். அரிசி கழுவிய நீரும் மோரும் புளித்துப் பூஞ்சையையும் எறும்பையும் அழைத்து வரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும். அதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கலாம். அதிகமானால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். குருத்தில் தேங்கவிடக் கூடாது.

ஒரு அடையாளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலை துவண்டு சுருங்கினால் உடனே தண்ணீர் போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தண்ணீர் கிடைக்காத செடியின் இலையும் சுருங்கும். அதிகத் தண்ணீரால் வேர் அழுகி, உறிஞ்ச வழியில்லாமல்போன செடியின் இலையும் அதேபோலச் சுருங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. செய்ய வேண்டியவை நேரெதிர். ஊற்றுவதற்கு முன் வேரைப் பார்க்க வேண்டும். வேர் கெட்டியாக, வெள்ளியாக இருந்தால் தாகம். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் தொட்டியைப் பிரித்து அழுகலை நீக்கி, புதுக் கரியில் வைத்து, நிழலும் ஈரக்காற்றும் கொடுத்துப் புது வேருக்குக் காத்திருக்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலை ஆண்டுக்கு ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயற்கை. மேல் இலை மஞ்சளானால் குருத்தைச் சோதிக்க வேண்டும்.

மறுபடி பூப்பது எப்போது? ஃபெலனோப்சிஸில் பூந்தண்டைத் தூண்டுவது குளிர்ச்சி. சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வெப்பம் இருந்தால் தண்டு கிளம்பும். 28 டிகிரிக்கு மேல் ஓயாமல் நின்றால் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். மதுரையில் மார்கழி, தையில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் பகலில் 30ஐச் சுற்றியே இருக்கிறது. இருக்கும் ஒரே வாய்ப்பு அந்த இரண்டு மாதங்கள்தான். அப்போது செடியை அறைக்குள் பூட்டிவைக்காமல், பனி நேராக விழாத, காற்றோட்டமான வராந்தாவில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். பகலில் வீட்டின் மிகக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமான இடம் வேண்டும். இலையடியிலிருந்து வரும் புது முளையின் நுனி வழவழப்பாக உருண்டிருந்தால் அது வேர். ஒரு பக்கம் மடிந்து கூம்பியிருந்தால் பூந்தண்டு. தண்டு வந்தபின் தொட்டியைத் திருப்பக் கூடாது. வெளிச்சத்தை நோக்கி அமைந்த பூவரிசை குலையும். மாம்பழம், வாழைப்பழம் பழுக்கும் அறையில் மொட்டுள்ள செடியை வைத்தால் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் மொட்டு உதிரும்.

டென்ட்ரோபியம் இந்தத் தொல்லை எதுவும் தராது. கேரளத்திலும் தாய்லாந்திலும் கொய்மலருக்காகப் பயிரிடப்படும் ‘சோனியா’ போன்ற கலப்பின ரகங்களின் மூதாதைகளில் ஒன்று டென்ட்ரோபியம் பிக்கிப்பம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1959இல் தன் மலராக ஏற்றது அதைத்தான். அதன் தாயகத்தில் கொதிக்கும் மழைக்காலமும் மாதக்கணக்கில் நீளும் வறட்சியும் உண்டு. வறட்சியைத் தாண்டத்தான் தண்டில் நீர் சேர்த்து வைக்கிறது. பரவை வெயில் அதற்கு ஒன்றும் புதியதல்ல. புதுத்தளிர் முளைத்து, தண்டாகப் பருத்து, உச்சியில் பூக்க எட்டு மாதம் முதல் ஓராண்டு ஆகும். நன்றாகப் பிடித்த தொட்டியில் ஆண்டுக்கு இரண்டு முறைகூடப் பூக்கும்.

சமவெளியின் சொந்த ஆர்க்கிட்டும் ஒன்று உண்டு. தமிழகத்தின் தாழ்ந்த குன்றுகளிலும் ஊர்ப்புற மரங்களிலும் தானாக ஒட்டி வளரும் வாண்டா டெஸ்ஸெலாட்டா, பழுப்புக் கட்டம் போட்ட மணமுள்ள பூவோடு கோடையைத் தாண்டி நிற்கிறது. காட்டில் கண்டதைப் பிடுங்கி வரக் கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அப்படிப் பிடுங்கியவற்றில் பெரும்பாலானவை வீட்டில் பிழைப்பதும் இல்லை. மலை ஆர்க்கிட்டுகளைப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் தொடங்கிய அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் காட்சிக்கூடமும், ஏற்காட்டில் இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்காவும் இருக்கின்றன. கொடைக்கானல் போய் வருபவர்கள் அங்கே விற்கும் சிம்பிடியத்தை ஆசையாக வாங்கி வருகிறார்கள். அதற்குப் பூக்க மலையின் குளிர்ந்த இரவு வேண்டும். மதுரையில் அது இலை விடும், பூக்காது.

ஆகவே இந்தச் சமவெளியில் புதிதாக வாங்குபவர்கள் டென்ட்ரோபியத்தில் தொடங்குவது நல்லது. விலையும் குறைவு, மன்னிக்கும் குணமும் அதிகம். கையில் ஏற்கெனவே பூத்து முடிந்த ஃபெலனோப்சிஸ் இருப்பவர்கள் அதைக் குப்பையில் போட வேண்டாம். வேர் கெட்டியாக இருந்தால், அடுத்த தை முடியும் வரை வைத்துப் பாருங்கள்.